நேரம் தெரிந்த துன்பம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடைகளில் இலக்கியச் சுவையைப் பற்றியும் தமிழின் பெருமையைப் பற்றியும் பேசுவது மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அவ்வளவு இனிமையானதன்று. துன்பத்தைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். துன்பத்தை அளக்கின்ற போது, அது எவ்வளவு பெரியது, எத்தனை நாள் நீடித்தது என்று மட்டுமே கேட்கின்றோம். அது வரும் நேரம் முன்னரே தெரிந்திருந்ததா, தெரியாமல் வந்ததா என்று கேட்பதில்லை. ஆயினும் உடலையும் உள்ளத்தையும் அரிப்பதில் இக்கேள்விக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை அறிவியல் காட்டியுள்ளது. அதனை நம் நீலசந்திரா வாழ்வோடு பொருத்திப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டியதில்லை. நம் தெருக்குழாயே போதும். இந்நகருக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வழிநடந்து, ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகின்றது. 1974இல் முதற்கட்டம் நிறைவேறியது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பெற்றது. இத்தனை முயற்சிக்குப் பின்னும் நகரின் பல பகுதிகளில் நாள் முழுதும் நீர் வருவதில்லை. முறை வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாளோ, அதனினும் இடைவெளி விட்டோ வருகின்றது.

இரண்டு தெருக்களை எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவில் செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை ஐந்து மணிக்கு நீர் வரும். ஏழு மணிக்கு நின்றுவிடும். மற்றொரு தெருவில் வாரத்தில் மூன்று நாள் நீர் வரும்; ஆனால் எந்த மூன்று நாள், எந்த வேளை என்பது எவருக்கும் தெரியாது. கணக்குப் பார்ப்பவர் இரண்டாம் தெருவே நற்பேறு பெற்றது என்பார். அத்தெருவில் குடியிருக்கும் தாயைக் கேளுங்கள். நள்ளிரவில் குழாய் காற்றை உமிழும் ஓசை கேட்டு எழுகின்றாள், நீர் இல்லை. மீண்டும் படுக்கின்றாள், காது மட்டும் உறங்குவதில்லை. வேலைக்குச் செல்ல வேண்டிய நாளில் போவதா, இருப்பதா என்று தத்தளிக்கின்றாள். திருமண வீட்டிற்குச் சென்றால் அங்கேயும் மனம் குழாயடியிலேயே நிற்கின்றது. முதல் தெருத் தாய்க்கு நீர் குறைவு. ஆனால் திங்கட்கிழமை இரவு நீங்கலாக, வியாழக்கிழமை இரவு நீங்கலாக, மற்ற இரவுகள் அவளுடையவை. இரண்டாம் தெருத் தாய்க்கு நீர் மிகுதி. ஆனால் ஓர் இரவேனும் அவளுக்குச் சொந்தமானதன்று.

இவ்வேறுபாட்டின் உட்பொருளை விளக்கியவர்கள் உடலியலாரும் உளவியலாருமாவர். மனவிறுக்கம் என்று நாம் இன்று கூறும் நிலையை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவருள் ஒருவர் ஹான்ஸ் செல்யே. 1936இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை ஒரு புதிய ஆராய்ச்சித் துறைக்கே வாயில் திறந்தது. குளிர், காயம், நஞ்சு என எத்தகைய தாக்குதல் நேரினும் உடல் ஏறத்தாழ ஒரே வகையான எதிர்வினையைக் காட்டுகின்றது என்றார் அவர். இடர் வந்துழி நெஞ்சு விரைந்து துடிக்கின்றது; சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் முதலியவற்றைக் குருதியிற் சேர்க்கின்றன; செரிமானம் தணிகின்றது; தசைகள் முறுக்கேறுகின்றன. புலியைக் கண்டு ஓட இவ்வேற்பாடு மிகவும் நன்று. புலி போன பின்பும் அது தணியாதிருப்பின், உடலைக் காக்க வந்த காவலனே உடலைத் தின்னத் தொடங்குகின்றான்.

துன்பத்தின் அளவு ஒன்றாகவே இருக்க, முன்னறிவு மட்டும் வேறுபட்டால் என்ன நிகழும்? அமெரிக்காவில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜே வைஸ் என்பார் இவ்வினாவை எலிகளிடம் கேட்டார். அவர்தம் முடிவுகள் 1970ஆம் ஆண்டிலும் 1972ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டு எலிகளின் வாலில் ஒரே மின்சுற்றை இணைத்தார். ஒன்றுக்கு எத்துணை அதிர்ச்சியோ மற்றொன்றுக்கும் அத்துணையே; அதே நொடியில், அதே அளவில். ஓர் எலிக்கு மட்டும் ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் முன்னர் ஓர் ஒலி கேட்கும். மற்றதற்கும் ஒலி கேட்கும். ஆனால் அதிர்ச்சிக்கும் அதற்கும் தொடர்பிராது. மூன்றாம் எலி ஒன்றும் பெறாமல் ஒப்பீட்டிற்காக இருந்தது. பின்னர் இரைப்பைகளை ஆராய்ந்தபோது, எச்சரிக்கை பெற்ற எலிக்குப் புண் சிறிதளவே இருந்தது. எச்சரிக்கை பெறாத எலிக்கோ புண் மிகுந்திருந்தது. இரண்டும் பட்ட அடி ஒன்றே. பட்ட பாடு வேறு!

இங்கே ஒரு தெளிவு வேண்டும். மனிதருக்கு வரும் இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒருவகை நுண்ணுயிரோ, வலிநீக்கி மருந்துகளோ காரணம் என்பது பின்னர் நிறுவப்பட்டது. அந்நுண்ணுயிரைக் கண்டறிந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே, வயிற்றுப்புண் உடையவர் கவலையை விட்டால் போதும், மருத்துவரிடம் செல்ல வேண்டா என்று எவரும் கருதிவிடலாகாது. உடலை மனவிறுக்கம் எவ்வாறு நலிக்கின்றது என்பதற்கு அளவுகோலாகவே எலியின் புண்ணை இங்குக் கொள்கின்றோம்.

எச்சரிக்கை ஒலி அதிர்ச்சியைக் குறைக்கவில்லை. தப்பும் வழியையும் தரவில்லை. பின் எவ்வாறு அது உதவிற்று? இதற்கு மார்ட்டின் செலிக்மன் என்னும் உளவியலார் தந்த விளக்கம் எண்ணி மகிழத்தக்கது. ஒலி கேட்கும்போது அஞ்ச வேண்டும் என்று எலி கற்றுக்கொள்கின்றது. அஃது அனைவரும் அறிந்ததே. ஆனால் அதனோடு மற்றொன்றையும் கற்றுக்கொள்கின்றது: ஒலி கேளாத நேரமெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை! எச்சரிக்கையின் பெரும்பயன் அது ஒலிக்கும்போது கிடைப்பதன்று, ஒலிக்காதபோது கிடைப்பது. இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மக்கள் இதனைத் தம் காதாலேயே அறிந்தனர். ஏறியிறங்கி ஊளையிடும் சங்கொலி கேட்டால் விமானம் வருகின்றது. ஒரே சீராக நீண்டொலித்தால் இடர் நீங்கிற்று. இரண்டாம் ஒலி கேட்டபின் தேநீர் அருந்தலாம், உறங்கலாம். அச்சங்கு இல்லாத ஊரில் வானம் முழுதுமே எப்போதும் பகைவானமாகத் தோன்றும்.

பின்வந்த சோதனைகள் சிலவற்றில், எச்சரிக்கையோடு வரும் நீண்ட அதிர்ச்சி ஒன்றையும், எச்சரிக்கையின்றி வரும் குறுகிய அதிர்ச்சி ஒன்றையும் எலியின் முன் வைத்துத் தேர்ந்தெடுக்க விட்டனர். நீண்டதாயினும் எச்சரிக்கை உள்ளதையே எலி விரும்பிற்று. நம் இரண்டு தெருக்களை இங்கே நினைவுகூர்க. இரண்டு நாள் நீர் வந்தாலும் போதும், நாளைச் சொல்லுங்கள் என்று கேட்கும் தாய் அறியாமையால் கேட்கவில்லை. உடலின் அறிவே அவ்வாறு கேட்கின்றது.

மனிதரிடத்தும் இதனைச் சோதித்துள்ளனர். 2016ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர்கள் நாற்பத்தைந்து பேரைக் கணிப்பொறி விளையாட்டு ஒன்றில் ஈடுபடுத்தினர். திரையில் தோன்றும் கல்லைப் புரட்டுமுன், அதன் கீழே பாம்பு உண்டா இல்லையா என்று ஊகித்துக் கூற வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி கிடைக்கும். வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தனர். அதிர்ச்சி உறுதி என்று அறிந்தபோது இருந்த மனவிறுக்கத்தை விட, வருமோ வராதோ என்று பாதிக்குப் பாதி ஐயம் நிலவியபோது இருந்த மனவிறுக்கம் மிகுதியாயிற்று. உறுதியான அடியை விட, அரைகுறை நம்பிக்கை கொடியது என்று இதனால் அறிகின்றோம். தேர்வு முடிவு வெளியாகும் முன்னிரவிலும், மருத்துவச் சோதனைத் தாளுக்குக் காத்திருக்கும் பகலிலும் நாம் படும் பாடு இதுவே. முடிவு தீயதாயினும் தெரிந்த பின் பலர் ஒருவாறு அமைதியுறுவதைக் காண்கின்றோம் அன்றோ?

இனி நம் வரலாற்றை நோக்குவோம். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலில் தோன்றிற்று. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகளின்மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. அரைமணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. கப்பல் இருளில் மறைந்தது. உயிரிழந்தோர் சிலரே. ஆனால் அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். அக்கப்பல் மீண்டும் வந்ததா? வரவில்லை. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதனை அழித்துவிட்டது. ஆயினும் எம்டன் என்னும் பெயர் தமிழ்ப் பேச்சில் நிலைத்துவிட்டது. அஞ்சத்தக்க ஆளை, எதையும் செய்யத் துணிந்தவனை, ‘அவன் எம்டன்’ என்று கூறும் வழக்கம் இன்னும் அழியவில்லை. அரைமணி நேரக் குண்டு மட்டுமா ஒரு மொழியில் சொல்லாய் நின்றது? மறுபடி எப்போது வருமோ என்ற அச்சமும் அச்சொல்லில் உறைந்துள்ளது என்றே நாம் கருதுகின்றோம்.

மற்றொன்று நமக்கு இன்னும் அணித்தானது. இந்நகர்த் தமிழருட் பலருக்குக் கோலார் தங்கவயல் பிறந்த ஊர். சிலருக்குப் பாட்டனார் உழைத்த ஊர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அத்தகைய ஆழத்தில் பாறையின்மீது அமரும் பாரம் மிகப் பெரிது. தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை அப்பாரம் தாங்காது திடீரென்று வெடித்துச் சிதறும். பாறை வெடிப்பு என்று அதனைக் கூறுவர். வெடிப்பின் அதிர்ச்சி மேலே ஊரிலும் உணரப்படும். கீழே உழைக்கும் கணவன் எந்த மட்டத்தில் இருக்கின்றான், வெடித்தது எந்த மட்டம் என்று அறியாத மனைவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1912ஆம் ஆண்டிலேயே அங்கு நில அதிர்வுமானி அமைக்கப்பட்டது. 1988இல் பாறை இயங்கியல் ஆராய்ச்சிக்கெனத் தேசிய நிறுவனம் ஒன்றும் அங்கேயே தோன்றிற்று. எந்தப் பகுதி மிகுந்த இடருடையது என்று ஓரளவு கூற முடிந்தது. எந்த நாழிகையில் வெடிக்கும் என்று கூற முடியவில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக, நேரம் தெரியாத துன்பத்தின் வாயிலில் நாள்தோறும் இறங்கியேறிய அம்மக்களின் நெஞ்சுரத்திற்கு இவ்வவை தலைவணங்குமாக.

சுரங்கம் தந்தது நிச்சயமின்மை என்றால், அதற்கு மறுதலையாகத் தஞ்சை வயல்வெளியைக் காட்டலாம். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பெற்றது. ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்கு அணையைத் திறப்பது மரபு. அந்நாளை நம்பியே நாற்றங்கால் தயாராகும், கடன் பேசப்படும், திருமண நாள் குறிக்கப்படும். நீர் போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதுண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்நாளில் திறக்க இயலவில்லை. 2020இல்தான் மீண்டும் ஜூன் 12 வாய்த்தது. நீர் குறைந்த காலத்தில் முறைப்பாசனம் என்று வகுத்து, இன்ன வாய்க்காலுக்கு இன்ன நாள் என்று பங்கிடுவர். பற்றாக்குறை பெரும் வருத்தமே. ஆயினும் தன் முறை எப்போது என்று அறிந்த உழவன் பற்றாக்குறையோடு போராடலாம். முறை அறியாதவன் பற்றாக்குறையோடும் ஐயத்தோடும் ஒருங்கே போராட வேண்டியவனாகின்றான்.

நம் பெங்களூருக்கே மீண்டும் வருவோம். குழாயில் நீர் எப்போது வரும் என்பதைக் கைப்பேசிச் செய்தியாக முன்கூட்டியே தெரிவிக்கும் முயற்சி ஒன்றை நெக்ஸ்ட்டிராப் என்னும் நிறுவனம் ஹூப்ளி-தார்வாடிலும் பின்னர் இந்நகரிலும் நடத்திற்று. தெருத் தெருவாகச் சென்று நீர்த்திறப்பைத் திருகும் ஊழியர் தகவல் தருவார். அத்தகவல் வீடுகளுக்குச் செய்தியாகச் செல்லும். இதனால் விளைந்த பயன் யாது என்று தனு குமார், அலிசன் போஸ்ட், இஷா ரே ஆகிய மூவர் பெங்களூர் வீடுகளில் ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். காத்திருக்கும் நேரம் குறைந்ததாகத் தெரியவில்லை. அரசைப் பற்றிய மக்கள் கருத்தும் மாறவில்லை. ஆனால் மன உளைச்சல் குறைந்தது!

இம்முடிவை எளிதாகக் கடந்து செல்லலாகாது. ஒரு குடம் நீர் கூடக் கூடவில்லை, காத்திருப்பும் குறையவில்லை, அறிவிப்பு ஒன்று வந்ததனால் மட்டும் நெஞ்சின் பாரம் சிறிது தணிந்தது. அதே ஆய்வு மற்றொன்றையும் சுட்டிற்று. பயன் இதனினும் பெருகாமைக்குக் காரணங்கள் இரண்டு: இடையிலிருந்த ஊழியர் தகவலை ஒழுங்காகத் தரவில்லை, வீட்டில் ஆண் பெண் நிலையில் ஒப்பின்மை குறுக்கே நின்றது. நீரைப் பிடிப்பவள் மனைவி; கைப்பேசியோ பல வீடுகளில் கணவன் சட்டைப் பையில் இருப்பது. அறிவிப்பு உரியவரிடம் சேராதவரை அஃது அறிவிப்பாகாது. நம் சங்கத்துச் செய்திகளும் பெரும்பாலும் எவர் கையிலுள்ள கைப்பேசிக்குப் போகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.

இதுவரை கூறியதனால், முன்னறிவிப்பு எல்லா நோய்க்கும் மருந்து என்று கொள்ளலாகாது. ஆய்வுகள் அனைத்தும் ஒரேபடியாக அமையவுமில்லை. இங்கே மூன்று எல்லைகளைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, பொய்யெச்சரிக்கை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எந்த முன்னறிவிப்புமின்றி நம் கடற்கரையைத் தாக்கிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவர்க்கு மேல் மாண்டனர். நான்கே நாட்கள் கழித்து, டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் பேரலை வரக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை பரவிற்று. உற்றாரை இழந்து நின்ற மக்கள் மீண்டும் ஓடினர். அலை வரவில்லை. 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தபின் நிலை மாறிற்று. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவருகே பெருநிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இடர் இல்லை என்று தெரிந்ததும் அன்றே விலக்கவும் பட்டது. விடுப்பது போலவே விலக்குவதும் கடமை. விலக்கப்படாத எச்சரிக்கை தீராத அச்சமாகவே நின்றுவிடும்.

பொய்யெச்சரிக்கையின் உடன்பிறப்பு வதந்தியாகும். 2012 ஆகஸ்டில் தாக்குதல் வரும் என்னும் வதந்தி கைப்பேசிகளில் பரவ, வடகிழக்கு மாநிலங்களைச் சார்ந்த ஆயிரக்கணக்கான இளைஞர் இந்நகரின் புகைவண்டி நிலையத்தில் திரண்டு, கிடைத்த வண்டியில் ஏறிச் சென்றனர். அவர்களுடைய நெஞ்சத்தை நாம் நன்கு அறிவோம். காவிரிச் சிக்கலையொட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரில் கலவரம் நிகழ்ந்தபோது, விடிந்தால் என்ன ஆகுமோ என்று விழித்திருந்த வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு. அந்நாட்களின் காயத்தைக் கிளறுவது நம் நோக்கமன்று. அத்தகைய நேரத்தில் ஒரு குடும்பத்திற்கு மிகவும் தேவைப்படுவது உறுதியான செய்தி என்பதைக் கூறவே எடுத்துக்காட்டினோம். எந்தத் தெரு அமைதியாக உள்ளது, பள்ளி உண்டா இல்லையா, ஆபத்தெனின் எந்த எண்ணுக்குப் பேசுவது என்று அறிந்த ஒருவர் அருகில் இருப்பின், அவர் தமிழராயினும் கன்னடராயினும், அவ்வீடு அன்றிரவு சிறிதேனும் கண்ணயரும்.

இரண்டாம் எல்லை, பொதுப்படையான எச்சரிக்கை. ‘எப்போது வேண்டுமானாலும் எதுவும் நிகழலாம்’ என்று கூறுவது எச்சரிக்கையன்று, அச்சமூட்டலே. ஒலி எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் எலிக்கு ஓய்வு ஏது? எந்த நேரம் இடருடையது என்பதோடு எந்த நேரம் இடரற்றது என்பதையும் கூறுவதே பயனுள்ள அறிவிப்பு.

மூன்றாம் எல்லையே தலையாயது. துன்பத்தின் நேரத்தைக் கூறிவிட்டதனாலேயே துன்பத்தைத் தந்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. நாளை நீர் வராது என்று அறிவித்துவிட்டோம், இனி எங்களைக் கேளாதீர் என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. நேரம் சொல்வது நீர் தருவதற்கு ஈடாகாது. நீர் வரும்வரை, வராத காலத்தைத் தாங்குவதற்கு அது துணை, அவ்வளவே. வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில், பின்வருவதை முன்னரே அறிந்து காப்பவர்க்கு நடுங்கச் செய்யும் துன்பம் இல்லை என்னும் கருத்தைக் கூறியுள்ளார். துன்பமே இல்லை என்று அவர் கூறவில்லை. நடுக்கம் தரும் துன்பம் இல்லை என்றே கூறினார். அறிவதோடு நிறுத்தவுமில்லை, காத்தலையும் சேர்த்தே கூறினார். இன்றைய ஆய்வு காட்டுவதும் இவ்வளவே.

அன்பர்களே! இதுகாறும் குழாயையும் கடலையும் சுரங்கத்தையும் பேசினோம். அவை நம் கையில் இல்லை. நம் கையிலுள்ள ஒன்றைக் கூறி அமைவோம். பிறருக்கு நாமே நேரம் தெரியாத துன்பமாக இருக்கின்றோமா என்பதே அது.

மாலையில் தந்தை வீடு திரும்புகின்றார். இன்று சிரிப்பாரா, சினப்பாரா என்று எவருக்கும் தெரியவில்லை. நேற்று உடைந்த கண்ணாடிக் கோப்பைக்கு ஒன்றும் கூறாதவர், இன்று சிந்திய சோற்றுப் பருக்கைக்கு அடிக்கின்றார். வாயிற்கதவின் ஓசையைக் கேட்டே, காலடி வைக்கும் முறையைக் கேட்டே, பிள்ளைகள் அவர் மனநிலையை அளந்தறியப் பழகுகின்றனர். குடிப்பழக்கம் புகுந்த வீட்டில் இது பன்மடங்காகும். அவர் அடிப்பது வாரத்தில் ஒருநாளாகவே இருக்கலாம். ஆனால் எந்த நாள் என்று தெரியாமையால் பிள்ளை ஏழு நாளும் அடிபடுகின்றது. குழந்தைக்குத் தாயிடமிருந்து கிடைக்கும் பார்வையும் குரலும் தொடுகையும் ஒழுங்கற்றிருந்தால் அதன் அறிவு வளர்ச்சி குன்றக்கூடும் என்று 2017இல் வெளிவந்த ஆய்வொன்றும் கூறிற்று. ஆகவே கண்டிப்பு வேண்டுமெனில் அதற்கொரு நெறி வேண்டும். எது தவறு, அதற்கு என்ன விளைவு என்பது பிள்ளைக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அடியோ எந்நாளும் வேண்டா.

மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும்போது, ‘ஊசி போட மாட்டார்கள், மிட்டாய் வாங்கத்தான் போகின்றோம்’ என்று கூறி ஏமாற்றுவது நம்மவர் வழக்கம். அன்று அழுகை தப்பலாம். மறுமுறை மிட்டாய் என்றாலே குழந்தை அஞ்சும். ‘ஊசி போடுவார்கள், எறும்பு கடித்தாற்போல் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் தீர்ந்துவிடும்’ என்று கூறிப் பாருங்கள். வலி குறையாது, ஆனால் ஊசியில்லாத நாட்களில் குழந்தை நம்மை நம்பி உறங்கும்.

முதியோரிடத்தும் அவ்வாறே. வெளியூர் சென்ற மகன் எப்போதாவது பேசுகின்றான். தாய் நாள் முழுதும் தொலைபேசியை நோக்கியிருக்கின்றாள். ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பேசுவேன் என்று ஒரு நேரம் வகுத்து, அதனைத் தவறாது காத்தால், மற்ற ஆறு நாளும் அத்தாயின் நெஞ்சு கலக்கமின்றி இருக்கும். வேலைக்கு ஆள் வைத்திருப்போர் கூலியைக் குறித்த நாளில் தருவாராக. தர இயலாதெனின், இயலாது என்பதையும் எந்நாள் தருவோம் என்பதையும் முன்னதாகவே கூறுவாராக. ‘பார்க்கலாம்’ என்னும் ஒரு சொல் சொல்பவர்க்கு எளிது. கேட்பவர்க்கு அதுவே உறங்காத இரவு.

நம் சங்கம் செய்யத்தக்க சிறு பணி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு தெருவிலும் ஒருவர், ஆணாயினும் பெண்ணாயினும், நீர்த்திறப்பு ஊழியரிடம் கேட்டறிந்து, அடுத்த முறை நீர் வரும் நாளையும் வேளையையும் தெருமுனைப் பலகையில் எழுதிவைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் எழுதுக; ஏனெனில் குழாய்க்கு மொழி வேற்றுமை இல்லை. நாள் மாறினால் உடனே அழித்தெழுதுக. தெரியாவிடின் ‘இன்று தெரியவில்லை, நாளைக் காலை எட்டு மணிக்கு எழுதப்படும்’ என்று எழுதுக. தெரியாததைக்கூட எப்போது தெரியும் என்று கூறிவிட்டால், அதுவும் ஒருவகை ஆறுதலே.

துன்பத்தை முற்றும் ஒழிக்கும் ஆற்றல் நமக்கில்லை. அதன் நேரத்தை அறிந்து ஒருவருக்கொருவர் உரைக்கும் ஆற்றல் உண்டு. அவ்வாறு உரைத்தால், துன்பம் வரும் ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களையேனும் அண்டை வீட்டாருக்கு மீட்டுத் தந்தவர்களாவோம். அப்பணியை வரும் ஆண்டிலேயே நம் தெருக்களில் தொடங்குவோமாக.